குட்டிக்குச் சோறு வைத்த கை

மகள்,

எழுத்தைப் பார்த்துவிட்டு, யாரோ முன்பள்ளிப் பிள்ளை எழுதிய கடிதம் என்று உன் மகனிடம் கொடுத்துவிடாதே. இது உன் அப்பா எழுதுவது. மாசி மாதத்திலிருந்து, பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு, முன்பள்ளி ரீச்சர் எனக்கும் இன்னும் இரண்டு கிழவர்களுக்கும் எழுத்துப் படிப்பிக்கிறார். அங்குள்ள கதிரைகள் முழங்காலுக்கும் கீழே. இருந்துவிட்டால் எழும்புவதற்கு ஒருவர் கை தர வேண்டும். ஆனாலும் நான் ஒரு நாளும் போகாமல் விட்டதில்லை. இப்போது ஒரு நாளைக்கு இரண்டு மூன்று பக்கம் எழுதுகிறேன். மறுநாள் எடுத்து வாசித்துப் பார்த்தால், நேற்று நான் சொன்னது அசையாமல் அங்கேயே இருக்கிறது. அறுபத்தெட்டு வயதில் எனக்கு இது பெரிய சந்தோசம். மண்ணில் மிருகத்தின் காலடி பார்த்துப் பழகியவனுக்கு எழுத்து லேசாக வரும் என்று பக்கத்து வயல் சின்னராசா மாமா சொன்னார். அதை நம்பித்தான் போனேன். பொய். பன்றியின் அடி எந்த மண்ணிலும் பன்றியின் அடிதான். எழுத்துக்குப் போடுகிற இந்தக் கொம்பும் அரவும் விசிறியும் அதற்குக் கிடையாது.

போன கிழமை நீ தொலைபேசியில் கேட்ட கேள்விக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். கண்ணிவெடி அகற்றும் வேலையில் இத்தனை வருடம் முழங்காலில் இருந்து கையால் கிண்டிய உன்னை, நாயோடு வேலை செய்யத் தெரிந்தெடுத்திருக்கிறார்கள் என்று சொன்னாய். ஆறு மாதம் வெளிநாட்டில் பயிற்சி. முதல் கிழமையே பத்துப் பன்னிரண்டு நாய்களைக் காட்டுவார்களாம். அதில் ஒன்றை நீ எடுக்க வேண்டும். பிறகு, வெடி கிடக்கும் நிலத்தில் பல வருடம் உனக்கு முன்னால் நடக்கப்போவது அந்த நாய்தான். இவ்வளவையும் சொல்லிவிட்டு, "நல்ல நாயை எப்பிடிக் கண்டுபிடிக்கிறது, அப்பா?" என்று கேட்டாய். பிறகு சொல்லுகிறேன் என்று நான் தொலைபேசியை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். நீயும் மறுபடி கேட்கவில்லை. நாயைப் பற்றி நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டு இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது என்பது அதன் பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அன்று கேட்ட கேள்விக்கு நான் பொய் சொன்னேன். இன்றைக்குப் பிழையான பதில் சொன்னால் அது உன் காலுக்குக் கீழே வெடிக்கும். அதனால்தான் தொலைபேசியில் வாய் வரவில்லை. முன்பென்றால் யாரிடமாவது சொல்லி எழுதுவித்திருப்பேன். ஆனால் இது இன்னொருவர் கையால் எழுதுவிக்கக்கூடிய கதை இல்லை.

நான் மலைநாட்டிலிருந்து கனகராயன்குளத்துக்கு வந்தபோது எனக்கு இருபது வயது. கையில் ஒரு துணி மூட்டை, கூட உன் அப்பம்மா. அதுவரை நான் கண்டிருந்த நாய்கள் தேயிலைத் தோட்டத்துத் துரையின் நாய்கள். அவை எங்களைத்தான் துரத்தின. இங்கே எனக்குக் கிடைத்த முதல் வேலை, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய ஒருவருடைய வயலுக்குக் காவல். நெல் கதிர் தள்ள முன், குடலைப் பருவத்தில், பன்றி இறங்கினால் விடியும்போது வயல் உழுதது மாதிரிக் கிடக்கும். கத்தியும் தகரம் தட்டியும் எனக்குத் தொண்டை போனது. பன்றி போகவில்லை. அப்போதுதான் நாய் வளர்க்கத் தொடங்கினேன். முதல் இரண்டு நாயும் பன்றியின் கொம்புப் பல்லில் கிழிபட்டுச் செத்தன. மூன்றாவது நாய் நின்று பிடித்தது. ஊரில் என்னை அதுவரை "தோட்டக்காட்டான்" என்றார்கள். பிறகு "தோட்டக்காட்டான்ரை நாயைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லு" என்றார்கள். இன்னும் சில வருடம் போக, என் பெயரைச் சொல்லியே கூப்பிட்டார்கள். நாய்களுக்கு நான் பட்ட கடன்களில் முதலாவது அந்தப் பெயர்.

ஊரோடு வேட்டைக்குப் போகத் தொடங்கியபோது ஊரின் வேட்டைச் சட்டங்களையும் பழகினேன். காட்டுக்குள் இறங்கும் இடத்தில் ஐயனாருக்கு ஒரு குழை முறித்துப் போட வேண்டும். பிடித்த இடத்திலேயே ஈரலில் முதல் துண்டு நாய்க்கு. பங்கு போடும்போது ஓர் ஆளுக்கு எவ்வளவோ அவ்வளவு நாய்க்கும். இவையெல்லாம் நல்ல சட்டங்கள். இன்னொன்றும் இருந்தது. மாதவிலக்கான பெண் வேட்டை நாய்க்குச் சோறு வைக்கக் கூடாது, தொடக் கூடாது, தொட்டால் நாயின் மூக்கு அடைபட்டுப் போகும் என்பது. ஊரில் பிறந்தவர்கள் அதை அரைகுறையாகத்தான் கைக்கொண்டார்கள். சின்னராசா மாமா வீட்டில் மாமிதான் எந்த நாளும் நாய்க்குச் சோறு வைத்தார், அவர் கண்டும் காணாத மாதிரி இருந்தார். நான் அப்படி விடவில்லை. ஊரவன் சட்டம் மீறினால் சிரித்துவிட்டுப் போவார்கள், வந்தவன் மீறினால் அவன் வந்தவன் என்பதை ஞாபகப்படுத்துவார்கள். ஆகவே எல்லாரையும்விட இறுக்கமாக நான் அதைப் பிடித்துக்கொண்டேன். என் பிழை அங்கேதான் தொடங்கியது.

சண்டை நின்று, பாதை திறந்து வாகனங்கள் ஓடத் தொடங்கிய வருடம், உனக்குப் பதின்மூன்று வயது. நம்முடைய பெட்டை நாய் போட்ட ஆறு குட்டிகளில் முன்கால் இரண்டும் வெள்ளையான ஒன்றை நீ தூக்கிக்கொண்டு திரிந்தாய். நான் அந்தக் குட்டியைச் சோதித்துப் பார்த்திருந்தேன். சிரட்டைக்குக் கீழே கருவாட்டுத் துண்டை ஒளித்து வைத்தால் மற்றக் குட்டிகள் மணந்துவிட்டுக் கிடைக்காவிட்டால் விளையாடப் போய்விடும். வெள்ளைக்கால் மட்டும் தொடங்கிய இடத்துக்குத் திரும்பி வந்து, மூக்கைத் தூக்கிக் காற்றைப் பிடித்து, மறுபடி தொடங்கும். இதை வைத்துக்கொள்வதென்று அன்றைக்கே முடிவு செய்தேன். அடுத்த மாதம் நீ பெரிய பிள்ளையானாய். சின்னராசா மாமா பின்வளவில் பச்சை ஓலையில் குடிசை கட்டினார். மூன்றாம் நாள் காலையில் குட்டியைக் காணவில்லை என்று தேடினேன். ஓலை இடுக்கால் பார்த்தால் அது உன் பாயில், உன் கழுத்தடியில் படுத்திருந்தது.

நான் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தாலும் பரவாயில்லை என்று இப்போது நினைக்கிறேன். முல்லைத்தீவிலிருந்து மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டு வருகிறவன் அந்நேரம் வாசல் படலையில் நின்றான். அவன் ஒரு குட்டி கேட்டுக்கொண்டிருந்தவன். மூக்குப் போன குட்டி எனக்கு எதற்கு என்று வெள்ளைக்காலை அவனுடைய வெறும் மீன் பெட்டிக்குள் விட்டு மூடிக் கொடுத்தேன். மோட்டார் சைக்கிள் சத்தம் உனக்குக் கேட்டிருக்கும். மத்தியானம் நான் குடிசைப் பக்கம் வந்தபோது உள்ளேயிருந்து கேட்டாய், "அப்பா, குட்டிக்குச் சோறு வைச்சனீங்களா?" என்று. நான் "ஓம், வைச்சனான்" என்றேன். நீ வேறொன்றும் கேட்கவில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை, தண்ணீர் வார்த்து வெளியே வந்த பிறகும் கேட்கவில்லை. மீன்காரன் பிறகும் கிழமைக்கு ஒரு முறை வந்தான். நீ மீன் வாங்கப் படலைக்குப் போவதை மட்டும் விட்டுவிட்டாய். அதை நான் அப்போது கவனித்தேன், கவனித்தும் கவனிக்காதவன் மாதிரி இருந்துவிட்டேன்.

பிறகு மறுபடி வந்த சண்டையில் நடந்தவற்றை நீயும் நடந்தே கடந்தாய், அதை எழுத எனக்கு இன்னும் எழுத்துக் காணாது. திரும்பி வந்தபோது நம்முடைய வளவில் கிணறு ஒன்றுதான் முழுதாக இருந்தது. அந்தக் கிணற்றடியில் யாருடையதோ ஒரு பெட்டை குட்டி போட்டிருந்தது. நாலு குட்டி. அதில் ஒன்றுதான் சிவலை. சிவலையை நான் எடுத்ததாக ஊரில் சொல்லித் திரிந்தேன். உண்மையில் நான் எடுக்க நினைத்தது பெரிய தலையும் கறுத்த அண்ணமும் உள்ள கடுவன் குட்டியை. வாயைத் திறந்து அண்ணம் பார்ப்பது, நகத்தை எண்ணுவது, பிடரியில் தூக்கிக் கத்துகிறதா என்று பார்ப்பது எல்லாம் செய்து அதைத் தெரிந்து வைத்திருந்தேன். கண் திறந்து பத்து நாளில் அது செத்துப்போனது. மற்ற இரண்டையும் ஊராட்கள் கொண்டு போக, மிஞ்சியது சிவலை. இதையும் உனக்கு உள்ளபடி சொல்ல வேண்டும். கறுத்த அண்ணத்தில் ஒன்றும் இல்லை. நகத்திலும் ஒன்றும் இல்லை. சிரட்டைச் சோதனை ஒன்றுதான் என்னை ஏமாற்றாதது. அதில் சிவலை வெள்ளைக்கால் செய்ததையே செய்தாள். கிடைக்காவிட்டால் தொடங்கிய இடத்துக்குத் திரும்பி வந்தாள்.

அவளுக்கு மூன்று வயதாக இருக்கும்போது நடந்தது உனக்குத் தெரியும். ஆனால் நான் வெளியில் சொன்ன மாதிரி அது நடக்கவில்லை. நானும் சின்னராசா மாமாவும் விடிந்ததும் புதிய அடி ஒன்றைப் பிடித்துக் குளத்துக்கு அப்பால் போனோம். நல்ல பனி, மண் ஈரம், மணம் நிலத்தை விட்டுப் போகாத நேரம். சிவலை முன்னால் போனாள். ஒரு வீரை மரத்தடியில், பன்றிப் பாதை ஒடுங்கிப் பற்றைக்குள் போகும் இடத்தில், நின்றாள். நின்றவள் பாதைக்குக் குறுக்கே படுத்துவிட்டாள். நான் அதட்டினேன். எழும்பவில்லை. சின்னராசா மாமா பின்னாலிருந்து, "மச்சான், உன்ரை நாய்க்கு இண்டைக்கு லீவு போல கிடக்கு. நீ குலைச்சுக்கொண்டு முன்னாலை ஓடு, நான் பின்னாலை வாறன்" என்றார். எனக்கு மானம் போனது. கையிலிருந்த தடியால் அவளுக்கு இரண்டு அடி போட்டேன். ஊரில் சொல்லும்போது இந்த அடியை நான் விட்டுவிட்டுத்தான் சொன்னேன். அவள் முனகினாள், என்னைப் பார்த்தாள், தலையைத் திருப்பி மறுபடி அந்தப் பற்றையைப் பார்த்தாள். எழும்பவே இல்லை. அவளைத் தாண்டிப் போவதற்குக் காலைத் தூக்கினேன். சாரத்தில் ஒரு முட்கொடி மாட்டியது. அதை எடுக்கக் குனிந்தபோதுதான் மீன் பிடிக்கிற தங்கூசி நூலைக் கண்டேன். முழங்கால் உயரத்தில், பாதைக்குக் குறுக்கே. அதன் மற்ற நுனி மரத்தோடு பிணைத்திருந்த கட்டுத்துவக்கில் இருந்தது. பன்றிக்கென்று யாரோ கட்டியது. எவன் கால் பட்டாலும் வெடிக்கும். குழல் என் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இரண்டு பேரும் அந்த இடத்திலேயே குந்திவிட்டோம். சின்னராசா மாமா பீடி பற்றவைக்க நாலு நெருப்புக்குச்சி வீணாக்கினார். வெடிமருந்தின் மணமோ, கட்டியவனுடைய வியர்வையோ, எதை அவள் பிடித்தாள் என்பது அவளுக்குத்தான் தெரியும். மாமா கடைசியாக, "இனி இவளுக்கு முன்னாலை நான் ஒரு அடியும் வைக்க மாட்டன்" என்றார். நான் அவளுடைய முதுகைத் தடவினேன். அடித்த இடம் தடித்திருந்தது. அவள் என் கையை நக்கினாள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கம்தான்.

அடுத்த நாள் தேத்தண்ணீர்க் கடையில் நான் என்ன சொன்னேன் தெரியுமா? என் வீட்டில் சட்டம் பிசகுவதில்லை, ஆகாத நாளில் ஒரு பெண்பிள்ளையின் கை என் நாயின் சோற்றில் பட்டதில்லை, அதுதான் சிவலைக்கு இந்த மூக்கு என்று சொன்னேன். கடையில் மட்டுமா? வீட்டுக்கு வந்தவர்களிடமும் சொன்னேன். நீ அவர்களுக்குத் தேத்தண்ணீர் கொண்டு வந்து வைத்துவிட்டு, குசினிக்குள் போனாய். பிள்ளை அப்பாவைப் பற்றிப் பெருமைப்படுகிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பிறகு நீ கண்ணிவெடி வேலைக்குப் போகப்போகிறேன் என்றாய். நான் வேண்டாம் என்றேன். நீ போனாய். வட்டக்கச்சியில் கலியாணம் கட்டிய பிறகும் போனாய், பிள்ளை பெற்ற பிறகும் போனாய். ஒரு முறை ஊராட்களைக் கூட்டிக்கொண்டு போய் உங்கள் வேலையைக் காட்டினார்களே, அன்றைக்கு நானும் வந்தேன். வெடி நிலத்தைக் குறித்து நட்ட சிவப்புத் தடிகளுக்கு இந்தப் பக்கம் எங்களை நிறுத்தினார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. நீ அந்தப் பாரமான சட்டையும் முகக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு முழங்காலில் இருந்தாய். ஒரு கையகல நிலத்தை அரை மணித்தியாலம் சுரண்டினாய். முடிந்தது என்று எனக்குப் பட்டது. நீ மறுபடி தொடங்கிய இடத்துக்குப் போனாய். உங்களுக்குப் பொறுப்பான பிள்ளை எனக்குப் பக்கத்தில் வந்து, "ஐயா, உங்கடை மகள் துப்பரவு எண்டு சொன்னால் நாங்கள் அதிலை வெறுங்காலோடை நடப்பம். ஆனால் அவாவின்ரை வாயிலை இருந்து அந்தச் சொல்லை எடுக்கிறதுதான் பெரிய பாடு" என்றாள். எனக்கு உடனே சிவலையின் ஞாபகம் வந்தது. நாயோடு சேர்த்துச் சொல்கிறேன் என்று கோபிக்காதே. என்னிடம் அதைவிடப் பெரிய சொல் இல்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து மூன்று பேரிடம் சொன்னேன். உன்னிடம் மட்டும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். அந்தச் சிவப்புத் தடிகளுக்கு இந்தப் பக்கம் நின்ற ஆட்களில், நெஞ்சு நிமிர்த்தி நின்றவன் நான் ஒருவன்தான்.

இனி, போன கிழமை நடந்ததைக் கேள். நீ தொலைபேசியை வைத்த பிறகு அம்மா சிரித்தாள். என்ன சிரிப்பு என்றேன். உன் அம்மா இத்தனை வருடமாகியும் மலைநாட்டுப் பேச்சை விடாதவள், உனக்குத் தெரியும்தானே. "என்னாங்க, பொம்பள கை பட்டா நாயி மூக்கு அடைச்சுக்கும்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சீங்களே, செவலைக்கி மாசம் முப்பது நாளும் சோறு வச்சது யாருன்னு நெனச்சீங்க?" என்றாள். நான் விழித்தேன். நீ கலியாணம் கட்டிப் போகும் வரைக்கும், நான் வயலுக்கு இறங்கிய பிறகு, எந்த நாளும் நீதான் வைத்தாயாம். அந்த மூன்று நாளும் சேர்த்துத்தானாம். நான் வைத்துவிட்டுப் போன சட்டியை மூடி வைத்துவிட்டு, இளஞ்சூட்டில் பிசைந்து உன் கையாலேயே ஊட்டுவாயாம். அம்மா விடவில்லை. "நாப்பது வருஷமா ஒங்க நாயிங்களுக்குச் சோறாக்குறது நாந்தானே. எனக்கு மட்டும் அந்த நாளு வராமலா போச்சு? இல்லாட்டி மாசத்துல மூணு நாளு ஒங்க நாயிங்க வெரதம் இருந்துச்சா?" என்றாள்.

மகள், நான் சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, அம்மா முதுகில் தட்ட வேண்டியதாகப் போயிற்று. நாற்பது வருடம்! ஒரு நாளாவது நான் யோசித்தேனா? பிறகு சாப்பிட இருந்தேன். மீன் பெட்டிக்குள் போன குட்டி ஞாபகம் வந்தது. அதன் மூக்குக்கு ஒரு குறையும் வந்திருக்கவில்லை. நான்தான் அதை எடுத்துக் கொடுத்தேன். கட்டுத்துவக்கைக் கண்டு என் காலைக் காப்பாற்றிய மூக்கு நீ சோறு வைத்த மூக்கு. நான் சட்டத்துக்குக் கொடுத்த பெருமை முழுவதும் உனக்குச் சேர வேண்டியது. அதை ஊரில் திருத்திச் சொல்லத் தொடங்கிவிட்டேன். சின்னராசா மாமாவிடம்தான் முதலில் சொன்னேன். "எனக்கு எப்பவோ தெரியும். உன்ரை மனிசி என்ரை மனிசிக்குச் சொல்லி, அவள் எனக்குச் சொல்லி. உனக்கு மட்டுந்தான் தெரியாது" என்றார்.

இனி நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன், இப்போது சொல்லலாம் என்று நினைக்கிறேன். பத்து நாயை உனக்கு முன்னால் விட்டால், ஓடிவந்து உன் மேல் பாய்ந்து நக்குகிறதை முதலில் எடுத்துவிடாதே. உன்னைப் பிடிக்கும் என்பதற்காக அது வேலை செய்யும். அப்படியான நாய் உன் முகத்தைப் பார்த்து வேலை செய்யும். என்னிடம் வீமன் என்று ஒரு கடுவன் இருந்தது, அப்போது நீ சின்னப் பிள்ளை. பிழை விட்டபோதெல்லாம் அதற்கு அடித்தேன். சரியாகச் செய்தால் அளவுக்கு மிஞ்சிக் கொண்டாடினேன். ஆறு மாதத்தில் அது பொய் சொல்லப் பழகிவிட்டது. வெறும் பற்றையைப் பார்த்துக் குலைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்கும். பன்றி வேட்டையில் நாய் பொய் சொன்னால் ஒரு பகல் வீண். உன் வேலையில் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. ஆகவே உன்னைச் சந்தோசப்படுத்த ஆசைப்படுகிறதைவிட, மணத்தின் மேல் ஆசையுள்ளதைப் பார். ஒன்றை ஒளித்து வைத்துத் தேட விடு. கிடைக்காமல் போகும்போது அது என்ன செய்கிறது என்பதுதான் உனக்கு வேண்டியது. உன்னிடம் ஓடி வருகிறதா, குலைக்கிறதா, விட்டுவிட்டுப் படுக்கிறதா, அல்லது தொடங்கிய இடத்துக்குத் திரும்புகிறதா? திரும்புகிறதை எடு. பிறகு ஒரு முறை, அது நிற்கிற நேரத்தில் வா என்று கூப்பிட்டுப் பார். உடனே வாலை ஆட்டிக்கொண்டு வந்துவிட்டால் யோசி. உன்னையும் பார்த்து, தான் கண்ட இடத்தையும் பார்த்து, வராமல் நின்றால் அதுதான் உன் நாய். நான் அப்படியொரு நாயை அடித்தேன். நீ அதற்கு முன்னால் குனிந்து பார்.

வைத்திருப்பது பற்றி உனக்கு நான் சொல்லித்தர அதிகம் இல்லை, நீ என்னைவிட நன்றாக வைத்திருக்கிறாய் என்பது இப்போது தெரிந்துவிட்டது. ஆனாலும் சில. நாக்கைத் தொங்கப் போட்டு இளைக்கிற நாய்க்கு மூக்கு வேலை செய்யாது. அந்த நேரம் அது துப்பரவு என்று சொன்னால் நம்பாதே. நிழலில் விட்டு, தண்ணீர் காட்டி, வாய் மூடிய பிறகு மறுபடி விடு. வெயில் ஏறி மண் சுட்டால் மணமும் எழும்பிப் போகும், ஆகவே விடியப்புற வேலைதான் வேலை. வேலைக்கு முன் வயிறு நிறையக் கொடுக்காதே. வேலை முடிந்ததும் விரலிடுக்கில் முள் பார், காதுக்குள் உண்ணி பார். பெயரைக் கோபத்தில் கூப்பிடாதே, கோபம் வந்தால் வேறு சொல்லால் திட்டு, பெயர் நல்லதுக்கு மட்டும் இருக்கட்டும். பீடி பிடிக்கிறவர்களை அதன் பக்கத்தில் விடாதே. பெண்பிள்ளையின் கையால் கெடும் என்று சொல்லிக்கொண்டு, இருபது வருடம் என் நாய்களின் மூஞ்சியில் பீடிப் புகையை விட்டவன் நான். அதற்கு எந்தச் சட்டமும் இருக்கவில்லை, சட்டம் போட்டவர்கள் எல்லாரும் பீடி பிடித்தார்கள்.

சிவலை போய் ஐந்து வருடம். அவளுடைய பேத்தி இந்த மாதம் ஐந்து குட்டி போட்டிருக்கிறாள். இன்றைக்கு இருபத்து நாலாம் நாள். கடிதம் உன் கைக்கு வந்து சேரும்போது ஓடித் திரியும், பிசைந்த சோறும் தின்னத் தொடங்கிவிடும். சின்னராசா மாமா கடுவனைக் கேட்டு ஒவ்வொரு நாளும் வந்து நிற்கிறார். ஒன்றையும் தொடக் கூடாது, முதலில் என் மகள் எடுக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். நான் சிரட்டை வைத்துப் பார்க்கவும் இல்லை, வாயைத் திறந்து பார்க்கவும் இல்லை. உனக்கு வெளிநாட்டுக்குப் போக இன்னும் ஆறு கிழமை இருக்கிறது. போவதற்கு முன் வர முடியுமோ தெரியாது என்று அம்மாவிடம் சொன்னாயாம். இரண்டு நாள் வா. வந்து ஐந்திலும் உன் கண்ணுக்குப் பட்டதை எடு. வேட்டைக்கோ காவலுக்கோ சும்மா படுத்திருக்கவோ, அது உன் விருப்பம். நீ திரும்பி வரும் வரைக்கும் அதை நான் பார்த்துக்கொள்வேன், ஒருவருக்கும் கொடுக்க மாட்டேன். எந்த நாளானாலும் வா. நாள் எண்ண வேண்டாம்.

பஸ்ஸால் இறங்கி வந்து, படலையடியில் நின்று, அன்றைக்குக் கேட்ட அதே கேள்வியை என்னிடம் கேள். குட்டிக்குச் சோறு வைத்தீர்களா என்று கேள். இந்த முறை உள்ளதைச் சொல்லுவேன். "இன்னும் இல்லை, பிள்ளை. சோறு குசினிக்குள்ளை ஆறிக்கொண்டு கிடக்கு. நீ போய் வை."

அப்பா